ஸ்கிராப் கண்டெய்னர் கேட்டைக் கடக்கும்போது கதிரியக்க அலாரம் ஏன் அடிக்கிறது, அடித்தால் என்ன செய்வது?

கேள்வி: வெளிநாட்டிலிருந்து பழைய இரும்பும் செம்பும் கண்டெய்னரில் இறக்குமதி செய்கிறோம். துறைமுக கேட்டில் உள்ள கதிரியக்கக் கருவி எப்படி வேலை செய்கிறது? அலாரம் அடித்தாலே உள்ளே ஆபத்தான பொருள் இருக்கிறது என்று அர்த்தமா? அப்போது நாங்கள் என்ன செய்ய வேண்டும்?

பதில்:

அலாரம் அடித்தால் உள்ளே கதிரியக்கம் இருப்பது பெரும்பாலும் உண்மை. ஆபத்து இருப்பது பெரும்பாலும் உண்மையல்ல. கருவியின் வேலை சத்தம் போடுவதோடு முடிந்துவிடும். ஓடு, உரம், கிரானைட் போன்ற ஆயிரம் சாதாரணச் சரக்குகளுக்கு நடுவே அந்த ஒரு கெட்ட கண்டெய்னரைப் பிரித்து எடுப்பது மனிதர் வேலை. அந்த வேலையைக் கதவைத் திறப்பதற்கு முன்பே முடித்துவிட வேண்டும். இந்த வரிசையைத் தலைகீழாகச் செய்யும்போதுதான் ஆட்கள் அடிபடுகிறார்கள்.

கதிரியக்கம் என்றதும் பலருக்கும் அணுகுண்டும் கடத்தலும்தான் ஞாபகத்துக்கு வரும். ஸ்கிராப் தொழிலில் இருப்பவர்கள் அஞ்ச வேண்டியது வேறு ஒன்று: யாரும் கணக்கில் வைக்காமல் கைவிட்ட பழைய கதிரியக்க மூலங்கள். பழைய புற்றுநோய் சிகிச்சைக் கருவி, சிமென்ட் ஆலையின் அளவு காட்டும் கேஜ், வெல்டிங்கைச் சோதிக்கும் ரேடியோகிராபி கேமரா ஆகியவற்றுக்குள் சீசியம்-137, கோபால்ட்-60, இரிடியம்-192 போன்றவை சிறு உலோகக் குப்பிகளில் அடைக்கப்பட்டிருக்கும். ஆலை மூடிய பிறகு இயந்திரத்தோடு சேர்ந்து எடைக்குப் போகும். வாங்குபவர் கண்ணுக்கு அது நல்ல கனமான ஈயமும் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலும் மட்டுமே.

மெக்சிகோவின் சியுதாத் ஹுவாரஸ் நகரில் 1983 டிசம்பரில் நடந்தது இதுதான். ஒரு சிகிச்சைக் கருவி பிரிக்கப்பட்டு, அதிலிருந்த சுமார் 6,000 கோபால்ட்-60 குருணைகள் பழைய இரும்போடு கலந்தன. உருக்காலைக்குப் போய்க் கட்டடக் கம்பியாகவும் மேசைக் கால்களாகவும் வெளியே வந்தன. 1984 ஜனவரி 16 அன்று அந்தக் கம்பி ஏற்றிய லாரி ஒன்று வழி தவறி அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆய்வக வாசலைக் கடந்தபோது, அங்கே வேறு காரியத்துக்காக வைத்திருந்த கருவி அலறியது. அது வரை யாருக்கும் தெரியாது. நம் நாட்டில் 2010 ஏப்ரலில் டில்லி மாயாபுரியில் நடந்ததும் இதே வகை. டில்லி பல்கலைக்கழகம் ஏலத்தில் விற்ற பழைய காமா கருவி ஸ்கிராப் கடையில் பிரிக்கப்பட்டது. அதிலிருந்த கோபால்ட்-60 ஒருவரின் உயிரைக் குடித்தது, பலரை மருத்துவமனையில் கிடத்தியது. அது துறைமுகம் வழியாக வந்த சரக்கே அல்ல என்பதையும் கவனியுங்கள். உள்ளூர்க் கொள்முதலுக்கும் கருவி வேண்டும்.

இனி கேட் கருவிக்கு வருவோம். போர்ட்டல் மானிட்டர் என்பது சாலையின் இருபுறமும் நிற்கும் இரண்டு தூண்கள். உள்ளே பெரிய பிளாஸ்டிக் சின்டிலேட்டர் பலகைகள் இருக்கும். காமா கதிர் பட்டால் பலகையில் மெல்லிய ஒளி மின்னும், ஒளிப்பெருக்கிக் குழாய் அதை மின்துடிப்பாக்கி எண்ணும். நியூட்ரானுக்குத் தனிக் குழாய்கள் உண்டு. முன்பெல்லாம் ஹீலியம்-3 நிரப்பிய குழாய்களே வைப்பார்கள். அந்த வாயுவுக்குத் தட்டுப்பாடு வந்த பிறகு போரான், லித்தியம் சார்ந்தவையும் வந்துவிட்டன. பிளாஸ்டிக் விலை குறைவு, பெரிய அளவில் செய்யலாம், அதனால் உணர்திறன் அதிகம். ஆனால் கதிரின் ஆற்றலை நுணுக்கமாகப் பிரித்துப் பார்க்கும் திறமை அதற்கு இல்லை. ‘ஏதோ இருக்கிறது’ என்று சொல்லும், ‘என்ன’ என்று சொல்லாது.

இந்த அமைப்பு முழுவதும் பின்னணிக் கதிர்வீச்சை நம்பி நிற்கிறது. மண்ணிலிருந்தும் விண்ணிலிருந்தும் எப்போதும் கொஞ்சம் கதிர் வந்துகொண்டே இருக்கும். வண்டி இல்லாத நேரத்தில் கருவி அதை எண்ணி வைத்துக்கொள்ளும். உதாரணத்துக்கு விநாடிக்கு 2,000 எண்ணிக்கை என்று வைத்துக்கொள்வோம். இயல்பான ஏற்ற இறக்கம் அதன் வர்க்கமூலம், அதாவது சுமார் 45. அதைப் போல 5 மடங்கு மேலே, 2,224 என்று அலாரம் எல்லையை வைத்தால் சும்மா அடிக்கும் அலாரம் மிக அரிதாகிவிடும். இந்த எல்லையைக் குறைத்தால் வரிசை நகராது, கூட்டினால் பலவீனமான மூலம் தப்பிவிடும். இதை யாரும் மனம்போனபடி மாற்றக் கூடாது.

கனமான சரக்கு உள்ளே வரும்போது ஒரு சிக்கல் உண்டு. லாரியே தரையிலிருந்து வரும் பின்னணிக் கதிரை மறைத்துவிடுவதால் எண்ணிக்கை ஏறுவதற்குப் பதிலாக இறங்கும். இரும்பு நிரம்பிய கண்டெய்னரில் இந்த இறக்கம் நன்றாகவே தெரியும். ஆகவே நல்ல மென்பொருள் மொத்த எண்ணிக்கையை மட்டும் பார்க்காது. குறைந்த ஆற்றல் பகுதிக்கும் உயர் ஆற்றல் பகுதிக்கும் உள்ள விகிதத்தையும், பள்ளத்துக்குள் திடீரென எழும் மேட்டையும் சேர்த்துப் பார்க்கும். திரையில் வரும் வரைபடத்தைப் படிக்கத் தெரிந்த ஆள் அங்கே உட்கார்ந்திருப்பது இதனால்தான் முக்கியம்.

அந்த வரைபடம் நிறையச் சொல்லும். லாரி மணிக்கு 8 கி.மீ. வேகத்தில் போனால் விநாடிக்கு 2.2 மீட்டர். 40 அடி கண்டெய்னர் கடக்க ஐந்தரை விநாடி ஆகும். அந்த ஐந்தரை விநாடியும் எண்ணிக்கை ஏறித் தட்டையாக நின்று பிறகு இறங்கினால் சரக்கு முழுவதும் ஒரே சீராகக் கதிர் வீசுகிறது என்று பொருள். பீங்கான் ஓடு, கிரானைட், பொட்டாஷ் உரம், பெண்டோனைட் களிமண், தாதுமணல் எல்லாம் இப்படித்தான் தெரியும். பொட்டாஷ் உரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள பொட்டாசியம் குளோரைடில் கிலோவுக்குச் சுமார் 16,000 பெக்கரல் (ஒரு பெக்கரல் என்றால் விநாடிக்கு ஒரு சிதைவு) பொட்டாசியம்-40 இயற்கையாகவே இருக்கிறது. 25 டன் ஏற்றினால் விநாடிக்கு 40 கோடி சிதைவு. அதில் பத்தில் ஒன்று காமா கதிராக வெளியே வரும். கேட் அடிக்காமல் இருந்தால்தான் கருவியைச் சந்தேகிக்க வேண்டும். ஆனால் அந்த மூட்டை மேல் உட்கார்ந்து யாரும் நோயாளி ஆவதில்லை.

தட்டையாக இல்லாமல் நடுவில் ஓரிடத்தில் மட்டும் கூர்மையாக மேடு எழுந்து, இரண்டு விநாடிக்குள் ஏறி இறங்கினால் அது புள்ளி மூலம். ஸ்கிராப் கண்டெய்னரில் இப்படி ஒரு மேடு வந்தால் விளையாட்டல்ல. எந்தத் தூணில் அதிகம் என்று பார்த்தால் எந்தப் பக்கம் என்று தெரியும். மேல் பலகையா கீழ்ப் பலகையா என்று பார்த்தால் உயரம் தெரியும். மேடு கண்டெய்னருக்கு முன்னாலேயே, கேபின் இருக்கும் இடத்தில் வந்தால் முதலில் ஓட்டுநரிடம் பேசுங்கள். தைராய்டுக்கு அயோடின்-131 எடுத்தவர் உடம்பில் வாரக்கணக்கில் இருக்கும், இதய ஸ்கேனுக்கு டெக்னீசியம்-99எம் எடுத்தவர் உடம்பில் ஓரிரு நாள் இருக்கும். அவரை இறக்கி லாரியை மறுபடி ஓட்டிப் பார்த்தால் முடிந்தது. அவரை நாலு பேர் முன்னால் நோய் விவரம் கேட்டு மானத்தை வாங்காதீர்கள்.

இனி ஸ்கிராப்பிலேயே தட்டையான வரைபடம் வந்தால்? அதை ‘உரம் மாதிரி’ என்று விட்டுவிடக் கூடாது. எண்ணெய்க் கிணற்றுக் குழாய்களின் உட்புறம் படியும் ரேடியம் செதில், அல்லது ஏற்கெனவே கோபால்ட் கலந்து உருக்கப்பட்ட எஃகு, இரண்டும் அப்படித் தெரியும். 2008இல் பிரான்சில் லிப்ட் பொத்தான்களில் கோபால்ட்-60 கண்டுபிடிக்கப்பட்டபோது, அதன் எஃகு இந்தியாவிலிருந்து போனது என்று தெரிந்தது. நாம் வாங்கும் பக்கம் மட்டுமல்ல, விற்கும் பக்கமும் இருக்கிறோம்.

நியூட்ரான் அலாரத்துக்கு விதி வேறு. பீங்கான் ஓடு, உரம் எதுவும் நியூட்ரான் வீசுவதில்லை. பெரிய இரும்புச் சுமையில் விண்கதிர் மோதுவதால் நியூட்ரான் எண்ணிக்கை சற்றே ஏறலாம், அவ்வளவுதான். மற்றபடி அடித்தால் அமெரிசியம்-பெரிலியம் வைத்த மண் ஈரப்பதமானியோ, எண்ணெய்க் கிணற்று ஆய்வு மூலமோ, அதைவிடப் பெரிய விவகாரமோ இருக்கலாம். அங்கே உள்ளூரில் யாரும் முடிவெடுக்கக் கூடாது. நிறுத்து, விலகு, மேலே சொல்லு.

சரி, காமா அலாரம் அடித்துவிட்டது. முதலில் லாரியை மெதுவாக இன்னொரு முறை ஓட்டி அதே இடத்தில் மேடு வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் மற்ற வண்டிகளும் ஆட்களும் இல்லாத, ஏற்கெனவே குறித்து வைத்த இடத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஓட்டுநரை இறக்கிவிட வேண்டும். பிறகு சர்வே மீட்டர், அதாவது கதிரின் அளவைக் காட்டும் கைக்கருவி. தூரத்திலிருந்தே மீட்டரை ஓட விட்டுக்கொண்டு நெருங்குங்கள். போகப் போக எண் ஏறும் வேகத்தைப் பாருங்கள். திறந்த வெளியில் சாதாரணமாக மணிக்கு 0.1 மைக்ரோசீவர்ட் (உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு) அளவில் காட்டும். கண்டெய்னரை நெருங்கும்போது மணிக்கு 100 மைக்ரோசீவர்ட் தொட்டால் அங்கேயே நின்று திரும்ப வேண்டும். சர்வதேச அணுசக்தி முகமை முதலில் வரும் மீட்பாளர்களுக்குச் சொல்லும் உள்வட்ட எல்லையே அதுதான். மூலம் உடைந்திருக்கலாம் அல்லது கவசமின்றிக் கிடக்கலாம் என்று தோன்றினால், அளப்பதற்கு முன்பே சுற்றிலும் 30 மீட்டர் தூரத்தைக் காலி செய்யச் சொல்கிறது அதே வழிகாட்டுதல்.

அளவு குறைவாக இருந்தால் சுவரிலிருந்து 10 செ.மீ. தள்ளி மீட்டரைப் பிடித்து, விநாடிக்கு 20 செ.மீ.க்கு மேல் போகாமல், மேலிருந்து கீழாகப் பட்டை பட்டையாக நகர்த்த வேண்டும். சாக்பீஸால் கட்டம் போட்டு எண்ணை எழுதிக்கொண்டே போவது பழைய முறைதான், ஆனால் அதைவிட நல்ல முறை எதுவும் இல்லை. இரு பக்கச் சுவரையும் அளங்கள். இடது சுவரில் வலதைவிட 4 மடங்கு வந்தால், தூரத்தின் வர்க்கத்துக்கு எதிர்விகிதம் என்ற கணக்குப்படி இடது சுவரிலிருந்து இருப்பதைவிட வலது சுவரிலிருந்து மூலம் இருமடங்கு தூரத்தில் இருக்கிறது. அதாவது இடது சுவரிலிருந்து சுமார் 80 செ.மீ. உள்ளே. இடையில் கனமான உலோகம் இருந்தால் இந்தக் கணக்கு பொய்த்துப்போகும். ஆகவே அதை ஊகமாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கதிர் அதிகம் வரும் இடத்தைக் கண்டுபிடித்த பிறகுதான், எந்தத் தனிமம் என்று சொல்லும் கையடக்க அடையாளமானி. அதில் பெரும்பாலும் சோடியம் அயோடைடு படிகம் இருக்கும். ஐந்து நிமிடம் அசையாமல் வைத்தால் ஆற்றல் நிறமாலை, அதாவது எந்த ஆற்றலில் எவ்வளவு கதிர் வருகிறது என்ற வரைபடம், கிடைக்கும். 662 கிலோ எலக்ட்ரான் வோல்ட்டில் ஒற்றைச் சிகரம் என்றால் சீசியம்-137. 1173, 1332 என்று இரட்டைச் சிகரம் கோபால்ட்-60. 1461 பொட்டாசியம், 2614 தோரியத் தொடர், 609 ரேடியத் தொடர். கன்னியாகுமரிப் பக்கத்து மோனசைட் மணலைப் பார்த்தால் இந்தத் தோரியச் சிகரம் பளிச்சென்று தெரியும். கருவி சொல்லும் பெயரை மட்டும் நம்பாமல் நிறமாலையையும் கண்ணால் பாருங்கள். பெயர் தவறாக வருவது வழக்கம், முக்கியமாக கதிர் சரக்குக்குள் சிதறி வரும்போது. சோடியம் அயோடைடின் பிரிதிறன் 662இல் சுமார் 7 சதவீதம்தான். சந்தேகம் தீராவிட்டால் நிறமாலைக் கோப்பை நிபுணருக்கு அனுப்ப வேண்டும், அல்லது ஆற்றலை இன்னும் நுட்பமாகப் பிரிக்கும் ஜெர்மானியம் கருவி வர வேண்டும்.

எக்ஸ்ரே ஸ்கேனர் எதற்கு என்று கேட்பீர்கள். அது கதிரியக்கத்தைக் காணாது, அடர்த்தியைக் காணும். கனமான கவசம் கதிரை மறைத்து, போர்ட்டல் ஒன்றைத் தவறவிடும் சூழலில் ஸ்கேனர் படத்தில் காரணமில்லாத ஒரு கறுப்புக் கட்டி தெரியும். இரண்டும் சேர்ந்தால்தான் வலை முழுமை. கூடவே ஆவணம். அலுமினியத் துண்டு என்று எழுதிய சரக்கின் எடை பொருந்தவில்லை என்பதும் ஒரு கருவிதான்.

எங்கே தவறுகிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் கருவி வாங்குவதோடு வேலை முடிந்தது என்று நினைக்கிறவர்கள் அதிகம். மழை பெய்தால், காற்றிலுள்ள ரேடான் என்ற கதிரியக்க வாயு சிதைந்து உண்டாகும் சேய்த் தனிமங்கள் தரைக்கு வந்து பின்னணி ஏறும். அரைமணி நேர அரை ஆயுள் கொண்டவை என்பதால் இரண்டு மூன்று மணி நேரத்தில் அடங்கும். சென்னையில் வடகிழக்குப் பருவமழையின்போது காரணமில்லாமல் அலாரம் வரிசையாக அடித்தால் முதலில் வானத்தைப் பாருங்கள். சோடியம் அயோடைடு படிகம் வெயிலில் சூடானால் சிகரங்கள் இடம் மாறும். காலையில் ஏ.சி. அறையிலிருந்து எடுத்து மதியம் தூத்துக்குடி வெயிலில் அளந்தால் 662 இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. அளக்கும் இடத்திலேயே சோதனை மூலத்தை வைத்துச் சரிசெய்த பிறகு தொடங்குங்கள். பிளாஸ்டிக் பலகை பல ஆண்டுகள் ஈரத்தை உறிஞ்சிவிட்டுக் குளிரும்போது உள்ளே பனிபடர்ந்ததுபோல் மங்கி உணர்திறன் இழப்பதும் உண்டு. தூணுக்குப் பக்கத்தில் யாரோ உரக் கண்டெய்னரை அடுக்கிவிட்டால் பின்னணி உயர்ந்து, கருவி அதையே இயல்பு என்று பழகிவிடும். வண்டி இருப்பதைச் சொல்லும் அகச்சிவப்புக் கண்ணில் தூசி படிந்தால், வண்டி நிற்கும்போதே பின்னணி எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் எக்ஸ்ரே ஸ்கேனர் ஓடும்போதும், ஆலையில் இரிடியம் வைத்து ரேடியோகிராபி செய்யும்போதும் போர்ட்டல் அடிக்கும். இவை எல்லாவற்றையும்விட மோசமான கோளாறு ஓட்டுநர் 30 கி.மீ. வேகத்தில் பறப்பது. வேகத்தடை போட்டுவிட்டால் செலவில்லாமல் தீர்ந்துவிடும்.

இவ்வளவும் செய்தாலும் கனத்த ஸ்கிராப்பின் நடுவில் இருக்கும் மூலத்தை கேட் காணாமல் போகலாம். இரும்பே இரும்புக்குள் இருப்பதை மறைக்கும். ஆகவே ஒரு கேட்டை மட்டும் நம்பும் ஆலை தன்னையே ஏமாற்றிக்கொள்கிறது. நுழைவாயிலில் ஒன்று, கொட்டும் கிரேனின் பிடியில் ஒன்று, உருக்கிய மாதிரியில் ஒன்று, புகைத்தூசியில் ஒன்று என்று வைப்பதே சரி. உலைக்குள் போனால் ஒவ்வொரு தனிமமும் ஒவ்வொரு வழி போகும். கோபால்ட் எஃகிலேயே தங்கும். சீசியம் ஆவியாகிப் புகைவடிகட்டியின் தூசியில் சேரும். ரேடியம், அமெரிசியம், தோரியம் கசடோடு போகும். 1998 மே மாதம் ஸ்பெயினில் ஒரு எஃகு ஆலையில் சீசியம் மூலம் ஒன்று உருகியபோது, அதை முதலில் காட்டிக்கொடுத்தது அந்த ஆலையின் கருவி அல்ல. பிரான்ஸ், சுவிட்சர்லாந்து, இத்தாலி, ஜெர்மனி ஆகிய நாடுகளின் காற்று வடிகட்டிகளில் வந்த சீசியம்தான். 2025இல் அமெரிக்கத் துறைமுகங்களில் இந்தோனேசியாவிலிருந்து வந்த இறால் கண்டெய்னர்களில் சீசியம்-137 தடம் கிடைத்தபோதும், தேடல் கடைசியில் ஜகார்த்தா அருகே சிகாண்டே தொழிற்பேட்டையில் ஸ்கிராப் உருக்கும் ஆலையில் போய் நின்றது. இறாலில் அளந்தது கிலோவுக்கு 68 பெக்கரல். அமெரிக்க உணவு நிர்வாகத்தின் தலையீட்டு எல்லையான 1,200க்கு வெகு கீழே. இருந்தும் கண்டெய்னர்கள் கேட்டில் நின்றன.

உண்மையான மூலம் என்று உறுதியானால் இறக்குமதியாளராக நீங்கள் செய்ய வேண்டியது கொஞ்சம், செய்யக் கூடாதது நிறைய. சீலை உடைக்காதீர்கள். தேடி எடுக்க ஆளை உள்ளே விடாதீர்கள். ‘அனுப்பியவனுக்கே திருப்பிவிடலாம்’ என்று லாரியைச் சாலையில் ஏற்றாதீர்கள். சுங்கத்துறையும் அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமும் சொல்லும் வரை கண்டெய்னர் நகரக் கூடாது. காத்திருப்புக் கட்டணம் ஏறத்தான் செய்யும். 2010 ஜூலையில் இத்தாலியின் ஜெனோவா துறைமுகத்துக்கு வந்த செம்புக் கழிவுக் கண்டெய்னரில் கோபால்ட்-60 இருப்பது தெரிந்தது. அதைப் பாதுகாப்பாகத் திறந்து எடுக்க ஓராண்டு ஆனது. ஏன் இவ்வளவு பயம் என்றால், 1 ஜிகாபெக்கரல் (நூறு கோடி பெக்கரல்) கோபால்ட்-60 ஒரு மீட்டர் தூரத்தில் மணிக்குச் சுமார் 350 மைக்ரோசீவர்ட் தரும். பொதுமக்களுக்கான ஆண்டு வரம்பு 1 மில்லிசீவர்ட் (1,000 மைக்ரோசீவர்ட்) மூன்று மணி நேரத்தில் தீர்ந்துவிடும். கோபால்ட் சிகிச்சைக் கருவிகளின் மூலங்கள் அதைப் போல பல்லாயிரம் மடங்கு, சில லட்சம் மடங்குகூட.

சரக்கு ஏறும் இடத்திலேயே பிடித்தால் இந்தத் தலைவலி கிடையாது. ஏற்றுமதிக்கு முந்தைய பரிசோதனைச் சான்றிதழ் தாளில் மட்டும் இருந்தால் போதாது. எந்த மீட்டரால் அளந்தார்கள், அதன் அளவுத்திருத்தத் தேதி என்ன, பின்னணி எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு, ஏற்றும்போது எடுத்த படங்கள் எங்கே என்று கேளுங்கள். பின்னணியும் அதிகபட்சமும் எல்லாக் கண்டெய்னருக்கும் ஒரே எண்ணாக இருந்தால் யாரும் அளக்கவில்லை.

உங்கள் யார்டில் ஒரு மீட்டர் வாங்குவதாக இருந்தால், தேடுவதற்கு 2 அங்குல சோடியம் அயோடைடு படிகம் கொண்டதை வாங்குங்கள். சாதாரண கைகர் குழாயைவிட நூறு மடங்குக்கு மேல் எண்ணிக்கை தரும். அதோடு அதிக அளவை அளக்க இன்னொரு மீட்டரும் வேண்டும், ஏனென்றால் மிக வலுவான மூலத்துக்கு அருகில் சில மலிவான கைகர் மீட்டர்கள் திணறிப்போய் பூஜ்ஜியம் காட்டும். நெருங்க நெருங்க ஏறிக்கொண்டு வந்த எண் திடீரென்று விழுந்தால் பாதுகாப்பு என்று நினைத்து முன்னேறாதீர்கள். வந்த வழியே பின்வாங்குங்கள்.